பதவிக்காலத்தின் கடைசி டிசம்பர்: ஊராட்சித் தலைவர்கள் தம் பணியாளர்களுக்குச் செலுத்த வேண்டிய நன்றி

தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சி மன்றங்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய தேதிகளில் இரண்டு கட்டங்களாக 27 மாவட்டங்களில் நடந்த தேர்தல், 9,624 ஊராட்சித் தலைவர்கள், 76,746 ஊராட்சி வார்டு உறுப்பினர்கள் உட்பட மொத்தம் 91,975 பதவியிடங்களுக்கானது. பின்னர் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்ததால் 27 என்பது 28 ஆயிற்று. வென்றவர்கள் 2020 ஜனவரி 6 அன்று பொறுப்பேற்றார்கள். ஐந்தாண்டு நிறையும் நாளுக்குள் அடுத்த தேர்தல் நடைபெறவில்லை. ஆகவே 2024 டிசம்பரில் இந்தத் தலைவர்கள் ஓர் ஆண்டை முடித்துக்கொண்டிருந்ததோடு, தமக்குப் பின் அந்த நாற்காலியில் எப்போது யார் அமர்வார் என்று தெரியாத நிலையில் பொறுப்பை இறக்கி வைக்கவும் வேண்டியிருந்தது.

ஆண்டு முடிவில் ஒரு மன்றத்தின் தலைவர் அந்த ஆண்டின் வேலைகளைத் திரும்பிப் பார்ப்பதும், கூட இருந்து உழைத்தவர்களுக்கு நன்றி சொல்வதும் எங்கும் உள்ள வழக்கம். நம் ஊர்களில் அது ஒரு துண்டறிக்கையாகவோ, ஊராட்சி அலுவலக வாசலில் கட்டிய பேனராகவோ, பொங்கலையொட்டிப் பணியாளர்களுக்குக் கொடுக்கும் வேட்டி சேலையாகவோ முடிந்துவிடுகிறது. அந்த அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நன்றி என்பது மன்றத்தின் தீர்மானப் பதிவேட்டில் ஏற வேண்டிய நிர்வாகச் செயல் என்றும், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கலையும் ஆண்டில் அது பொறுப்பு ஒப்படைப்பின் முக்கியமான பகுதியாகிறது என்றும் கருதுகிறேன். இந்த ஆய்வு 2024 நவம்பர் 23 முதல் 2025 ஜனவரி 5 வரையிலான ஆறு வாரங்களை, குறிப்பாக ஃபெஞ்சல் புயல் பாதித்த மாவட்டங்களை முன்வைத்து, அதைக் காட்ட முயல்கிறது.

நன்றிக்கு உரியவர்கள் யார்

ஒரு கிராம ஊராட்சியின் பணியாளர் கூட்டம் மிகச் சிறியது. ஊராட்சி செயலர் ஒருவர், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளை இயக்குபவர்கள், அதாவது ஊரார் பேச்சில் டேங்க் ஆபரேட்டர்கள், ஓரிருவர் முதல் சிலர் வரை, தூய்மைப் பணியாளர்கள், வீடு வீடாகக் குப்பை வாங்கி மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்கும் தூய்மைக் காவலர்கள், நூறு நாள் வேலைத் திட்டத்தின் பணித்தளப் பொறுப்பாளர்கள். தெருவிளக்கு, குழாய் உடைப்பு, சாக்கடை அடைப்பு, வீட்டு வரி ரசீது, கொசு மருந்து, இறப்பு நடந்த வீட்டின் தெருவைச் சுத்தம் செய்வது என்று ஊரின் அன்றாடம் முழுவதும் இவர்கள் கையில்தான் நகர்கிறது. இவர்களில் தூய்மைப் பணியைச் செய்வோர் பெரும்பாலும் பட்டியல் சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பெண்கள் மிகுதி.

தொட்டி இயக்குபவரின் வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு ஊரின் உடல்நலம் அந்த ஒருவரின் கவனத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை. விடிவதற்கு முன் மோட்டாரை ஓடவிட்டுத் தொட்டியை நிரப்புவதும், வால்வுகளைத் திருப்பித் தெருத் தெருவாக நீர் விடுவதும், மாதம் இருமுறை தொட்டியைக் கழுவுவதும், ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரைத் தொட்டியில் ஊற்றுவதும் அவர் வேலை. முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு அது 120 கிராம். கடைக்கோடித் தெருவின் குழாயில் வரும் நீரிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால்தான் அந்த வேலை சரியாக நடந்ததாகப் பொருள். எந்த வால்வு இறுகிப் போயிருக்கிறது, எந்த இடத்தில் குடிநீர்க் குழாய் சாக்கடையைக் கடந்து செல்கிறது, எந்தத் தெருவுக்கு நீர் கடைசியாக ஏறும் என்பனவெல்லாம் அவருக்குத் தெரியும். பல ஊர்களில் இவை எந்த வரைபடத்திலும் இல்லை.

இந்த உழைப்புக்கான ஊதியம் எங்கிருந்து வருகிறது என்பதும் ஆய்வுக்குத் தேவை. பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 2021 முதல் 2026 வரையிலான ஆண்டுகளுக்கு 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கப்பட்டது. மீதியை மன்றம் தன் தேவைக்கேற்பச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் செலவிடக் கூடாது. எனவே ஊராட்சிப் பணியாளரின் ஊதியம் மாநில நிதிக்குழு மானியத்தையும் ஊராட்சியின் சொந்த வரி வருவாயையும் பெரிதும் நம்பி இருக்கிறது. சிறிய ஊராட்சிகளில் வீட்டு வரி வசூல் மிகக் குறைவு. இந்த ஐந்தாண்டுகளுக்குள் தூய்மைக் காவலர்களின் மாத மதிப்பூதியம் 3,600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது உண்மை. அது நல்ல நடவடிக்கை. ஆனால் உள்ளாட்சிப் பணியாளர்களுக்கான குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயித்து 2017 அக்டோபரில் வெளியான அரசாணை 62ஐ நடைமுறைப்படுத்தக் கோரித் தொழிற்சங்கங்கள் தொடர்ந்து போராடி வந்திருப்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஊதியத்தைப் பற்றிப் பேசாமல் நன்றியைப் பற்றி மட்டும் பேசுவது முறையாகாது.

நவம்பர் 23: முன்கூட்டியே சொல்லப்பட்ட நன்றி

2022 முதல் நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சிகள் தினமாகக் கொண்டாடப்பட்டு அன்று கிராம சபை கூட்டப்படுகிறது. சிறப்பாகப் பணிபுரிந்த ஊராட்சிப் பணியாளர்களைச் சபை முன் சிறப்பிப்பதும் அந்நாளின் நிகழ்ச்சிகளில் ஒன்றாக வைக்கப்பட்டது. ஒரு தூய்மைக் காவலர், தாம் நாள்தோறும் குப்பை வாங்கும் வீட்டாரின் முன்னிலையில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டுச் சால்வை பெறுவது நம் ஊர்களில் சிறிய செயல் அன்று. சட்டப்படி ஊரின் வாக்காளர் அனைவரும் உறுப்பினராக உள்ள சபையில் அது நடக்கிறது என்பதுதான் அதன் பெருமை.

2024இல் தீபாவளி விடுமுறையை ஒட்டி வந்ததால் நவம்பர் 1 கிராம சபை நவம்பர் 23ஆம் தேதிக்கு மாற்றப்பட்டது. 28 மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்கள் தலைமை வகித்த கடைசிக் கிராம சபை அதுதான். அடுத்த கிராம சபை குடியரசு நாளில் வரும். அதற்குள் அவர்களின் பதவிக்காலம் முடிந்துவிடும். ஆக, ஐந்தாண்டுப் பணியாளர்களுக்கான முறையான நன்றி நவம்பர் 23 அன்றே சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் அந்த ஐந்தாண்டுகளிலேயே மிகக் கடுமையான வேலைகளுள் ஒன்று, பல ஊர்களில், அதற்குச் சரியாக ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது.

ஃபெஞ்சல்

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, கடந்த பின்னும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்று மழையைக் கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. பிறகு மழை உள்நாட்டுக்கு நகர்ந்து கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் பெய்தது. திருவண்ணாமலையில் டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் ஏழு பேர் மண்ணுக்குள் புதைந்து இறந்தார்கள். தென்பெண்ணையின் நீர்ப்பிடிப்பு முழுவதும் நிறைந்த நிலையில், சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அந்த நீர் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களின் ஆற்றங்கரை ஊர்களைத் தாக்கிக் கடலூர் வழியாகக் கடலை அடைந்தது. எச்சரிக்கை போதிய நேரத்தில் கொடுக்கப்பட்டதா என்ற அரசியல் வாதம் அப்போது பெரிதாக எழுந்தது. அதன் தீர்ப்பு இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.

வெள்ளம் புகுந்த ஊரில் முதலில் நிற்பது மின்சாரம். மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும். தொட்டியில் இருக்கும் நீர் ஒரு நாளைக்குக்கூடத் தாங்காது. ஆழ்துளைக் கிணற்றின் ஸ்டார்ட்டர் பெட்டி நீரில் மூழ்கியிருந்தால் மின்சாரம் திரும்பினாலும் உடனே மோட்டாரைப் போட முடியாது. அதுவரை ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து ஒவ்வொரு மோட்டாராக ஓட்டுவதும், டேங்கர் லாரி வந்தால் எந்தத் தெருவில் நிறுத்துவது என்று முடிவெடுப்பதும், வெள்ளநீர் கலந்த குழாய்களைக் கழுவி வெளியேற்றி வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குளோரின் சேர்ப்பதும் தொட்டி இயக்குபவரின் பொறுப்பு. நீர் வடிந்த பின் சேற்றை வாருவதும், செத்த ஆடு மாடுகளை அப்புறப்படுத்திப் புதைப்பதும், பிளீச்சிங் பவுடரைச் சுண்ணாம்போடு கலந்து தெருவெங்கும் தூவுவதும் தூய்மைப் பணியாளர்களின் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தவர்களின் பட்டியல், இடிந்த வீடுகளின் கணக்கு, வருவாய்த் துறையினர் கேட்கும் விவரம் எல்லாம் ஊராட்சி செயலரிடம்தான் வந்து சேரும். இவர்களில் பலருடைய வீடுகளும் அதே வெள்ளத்தில்தான் நின்றன என்பதை எந்த நன்றி அறிவிப்பும் மறந்துவிடக் கூடாது, ஏனெனில் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகள் பெரும்பாலும் ஊரின் தாழ்வான பகுதியிலோ ஓடையை ஒட்டியோதான் அமைந்திருக்கின்றன.

ஒரே ஆறு, இரண்டு காலக்கெடு

இந்த நிகழ்வை ஆய்வுக்கு உரியதாக ஆக்குவது ஓர் ஒப்பீடு. விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019இல் நடக்கவில்லை; மாவட்டப் பிரிவினை காரணமாகத் தள்ளிப்போன ஒன்பது மாவட்டங்களில் அவையும் அடங்கும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், தென்காசி, திருநெல்வேலி ஆகியவை மற்ற ஏழு. அங்கெல்லாம் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் தேர்தல் நடந்து, அந்த மாதமே தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். ஆகவே தென்பெண்ணையின் ஒரே வெள்ளத்தைச் சந்தித்த ஊர்களில், விழுப்புரம் மாவட்டத் தலைவருக்கு இன்னும் ஏறத்தாழ இரண்டாண்டுகள் கையில் இருந்தன. கடலூர் மாவட்டத் தலைவருக்கு ஐந்து வாரங்கள் மட்டுமே இருந்தன.

அந்த வேறுபாடு எதில் வெளிப்படும்? விழுப்புரம் மாவட்டத்தில் தலைவர் 2025 ஜனவரி 26 கிராம சபையில் மக்கள் முன் நின்று வெள்ளக் காலச் செலவைச் சொல்ல முடியும், எந்தப் பணியாளர் எந்த வேலையைச் செய்தார் என்று பெயர் சொல்லி நன்றி தெரிவிக்க முடியும், எஞ்சிய வேலையை அடுத்த கூட்டத்தில் தொடர முடியும். கடலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் அந்த மேடை இல்லை. இருந்தது டிசம்பர் மாத ஊராட்சி மன்றக் கூட்டம் ஒன்றுதான். தலைவரும் துணைத் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் மட்டும் உட்காரும் அந்தக் கூட்டத்தின் தீர்மானப் பதிவேடுதான் அவர்கள் எதையேனும் எழுதி வைத்துச் செல்லக் கிடைத்த கடைசி இடம்.

ஊராட்சியில் பணம் வெளியேறத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் ஒப்புதலும் வேண்டும் என்பது தமிழ்நாட்டின் விதி. பதவிக்காலம் முடிந்த நாளில் அந்த இரண்டு கையொப்பங்களும் செல்லாமல் போகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் ஊராட்சியை நடத்தப் புதிதாகப் பொறுப்பேற்கும் அரசு அதிகாரியான தனி அலுவலரின் கையொப்பம் கணக்குகளில் பதிவாகி, வழக்கமான பட்டுவாடா தொடங்கச் சில நாள்களாவது ஆகும். இந்த இடைவெளியில் சிக்கிக்கொள்ளக் கூடியது டிசம்பர் மாதச் சம்பளம். அதுவும் வெள்ளத்தில் வேலை செய்த டிசம்பரின் சம்பளம். ஆகவே ஒரு தலைவர் தம் பணியாளர்களுக்குச் சொல்லக் கூடிய முதல் நன்றி, ஜனவரி 5க்குள் அந்தச் சம்பளப் பட்டியலில் கையொப்பமிடுவதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். ஜெனரேட்டர் வாடகை, டேங்கர் லாரி வாடகை, பிளீச்சிங் பவுடர் வாங்கிய பில் ஆகியவையும் அப்படியே. அவசரத்தில் பணியாளரே தம் கையிலிருந்து கொடுத்துவிட்டு ரசீதை வைத்துக்கொண்டு காத்திருப்பது ஊராட்சிகளில் அரிதான காட்சி அன்று. அந்தத் தொகை அங்கீகரிக்கப்படாமல் மன்றம் கலைந்தால், பின்னால் வருபவரிடம் அதை விளக்கிப் பெறுவது அவருக்குப் பெரும் பாடாகிவிடும்.

தலைவர் இல்லாத ஊரில் எஞ்சுபவர்கள்

அரசமைப்பின் 243E பிரிவு, ஊராட்சியின் காலம் முதல் கூட்டத்துக்குக் குறிக்கப்பட்ட தேதியிலிருந்து ஐந்தாண்டு, அதற்கு மேல் இல்லை என்றும், அது முடிவதற்குள் தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்றும் தெளிவாகக் கூறுகிறது. அது நடக்காதபோது தனி அலுவலர் வருகிறார். கிராம ஊராட்சிகளைப் பொறுத்தவரை வட்டார வளர்ச்சி அலுவலரே அந்தப் பொறுப்பை ஏற்கிறார். 2019 தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 314 ஊராட்சி ஒன்றியங்களுக்கு 9,624 ஊராட்சிகள். சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு முப்பது. ஒருவர் எவ்வளவு நல்லவராகவும் உழைப்பாளியாகவும் இருந்தாலும், முப்பது ஊர்களுக்குத் தலைவராக இருப்பது அவரால் இயலாது. அவர் ஊரில் இல்லாத நாள்களில் ஊராட்சி என்பது செயலரும் தொட்டி இயக்குபவரும் தூய்மைப் பணியாளர்களும்தான்.

இதற்கு முன்னுதாரணம் நெடுந்தொலைவில் இல்லை. முந்தைய மன்றங்களின் காலம் 2016 அக்டோபர் 24 அன்று முடிந்தது; அந்த மாதத் தேர்தல் அறிவிக்கையை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பின், 2020 ஜனவரி வரை மூன்றாண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர் நிர்வாகமே நடந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைச் சீரழித்தபோது, அந்த ஊர்கள் எதிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்த அந்தக் காலத்தில் குடிநீரைக் கொண்டுவந்து சேர்த்த ஊராட்சிப் பணியாளர்களுக்கு, ஊரின் பெயரால் நன்றி சொல்லித் தீர்மானம் போட அங்கே ஒரு மன்றமே இல்லை. அந்த நன்றி அந்தந்த ஊராரின் நினைவில் இருக்கலாம். ஊராட்சியின் பதிவேட்டில் ஏற வழியில்லை.

2020 ஜனவரியில் பதவியேற்ற தலைவர்களோ, மூன்றே மாதத்தில் பொதுமுடக்கத்தைச் சந்தித்தார்கள். கிருமிநாசினித் தெளிப்பான்களைத் தோளில் சுமந்து தெருத் தெருவாகச் சென்றவர்களும், தொற்று கண்ட வீட்டின் வாசலுக்குத் தினமும் குப்பை வாங்கப் போனவர்களும் இதே பணியாளர்கள். 2020 அக்டோபர் 2 கிராம சபை தொற்றைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. ஆக இந்த மன்றங்களின் முதல் ஆண்டு முடிவிலும் நன்றி சொல்லச் சபை கூடவில்லை, கடைசி ஆண்டு முடிவிலும் கூடவில்லை. இடையே 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்து தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. அங்குள்ள தலைவர்களுக்கு 2024 ஜனவரி 26 கிராம சபை கிடைத்தது. கடலூருக்கு அது கிடைக்கவில்லை என்பதே வேறுபாடு.

மறைக்கக் கூடாத மறுபக்கம்

தலைவருக்கும் பணியாளருக்கும் இடையிலான உறவு எல்லா ஊரிலும் நன்றிக்குரியதாக இருந்ததாக எழுதினால் அது உண்மையாகாது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியாகி நாட்டை உலுக்கியது. துணைத் தலைவர் மீது வழக்குப் பதிவாயிற்று. அதைத் தடுக்கவோ தெரிவிக்கவோ தவறிய ஊராட்சி செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். தனித் தொகுதியில் வென்ற தலைவர்கள் பலர் பதிவேடுகளைப் பார்க்கவே போராட வேண்டியிருந்தது. மறுபுறம், தலைவரின் சொந்த வேலைகளுக்கு அழைக்கப்பட்ட தூய்மைப் பணியாளர்களும், தேர்தலில் எதிரணிக்கு வாக்களித்தார் என்ற சந்தேகத்தில் வேலையிழந்த தொட்டி இயக்குபவர்களும் உண்டு. இவற்றை நினைவில் கொள்ளும்போதுதான், நன்றி ஏன் தனிமனிதப் பெருந்தன்மையாக இருக்கக் கூடாது என்பது விளங்கும். தலைவருக்குப் பிடித்தவருக்குச் சால்வையும் பிடிக்காதவருக்கு மௌனமும் கிடைக்கும் முறையில் நன்றி ஒரு தண்டனைக் கருவியாக மாறிவிடும். தீர்மானமாக எழுதும்போது எல்லாப் பணியாளரின் பெயரும், அவரவர் செய்த வேலையும் இடம்பெற வேண்டும் என்ற கட்டாயம் வருகிறது.

எப்படி எழுதியிருக்கலாம்

ஊராட்சி மன்றத் தீர்மானங்களுக்கு ஒரு நடை உண்டு. அந்த நடையிலேயே நன்றியையும் எழுதலாம். உதாரணத்துக்கு நானே எழுதிப் பார்க்கும் ஒரு வரைவு:

«பொருள்: 2024 டிசம்பர் வெள்ளக் காலப் பணிகளும் ஊராட்சிப் பணியாளர் விவரமும் மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. தீர்மானம்: மின்சாரம் இல்லாத நாள்களில் ஜெனரேட்டர் உதவியுடன் மூன்று மேல்நிலைத் தொட்டிகளுக்கும் நீர் ஏற்றி, குளோரின் கலந்து, தடையின்றிக் குடிநீர் வழங்கிய தொட்டி இயக்குபவர்களுக்கும், நீர் வடிந்த பின் கிழக்குத் தெரு, காலனித் தெரு, பள்ளி வளாகம் ஆகியவற்றைச் சுத்தம் செய்த தூய்மைப் பணியாளர்களுக்கும் தூய்மைக் காவலர்களுக்கும், இணைப்பில் கண்டுள்ள பெயர்ப் பட்டியலின்படி, இம்மன்றம் ஊர் மக்கள் சார்பாகத் தன் நன்றியைத் தெரிவிக்கிறது. இவர்களுக்கு வழங்க வேண்டிய டிசம்பர் மாத ஊதியமும் கைச்செலவுத் தொகையும் உடனே வழங்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஒவ்வொரு தொட்டியின் வால்வு அமைப்பு, பழுதான மோட்டார்கள், வெள்ளம் முதலில் புகும் தெருக்கள் ஆகியவை பற்றித் தொட்டி இயக்குபவர்கள் தெரிவித்த குறிப்பு இத்துடன் இணைக்கப்பட்டுத் தனி அலுவலரின் கவனத்துக்கு அனுப்பப்படுகிறது.»

இதில் மூன்று விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. பணியாளரின் பெயர் ஊராட்சியின் நிரந்தரப் பதிவில் ஏறுகிறது. நாளை அவரை வேலையிலிருந்து நிறுத்த யாரேனும் முயன்றால், அவர் எடுத்துக் காட்டக் கூடிய மன்றத் தீர்மானம் ஒன்று அவரிடம் இருக்கும். கொடுக்க வேண்டிய பணம் அதே தாளில் அங்கீகரிக்கப்படுகிறது. அவர் தலையில் மட்டுமே இருந்த அறிவு காகிதத்துக்கு வருகிறது. மூன்றாவதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஒருவரிடம், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், ஊர் அதை எழுதி வைக்க விரும்புகிறது என்று கேட்பதைவிட அவர் உழைப்பை மதிக்கும் செயல் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், மேலிட அனுமதி வேண்டாம். ஒரு மாலை நேரமும் எழுதத் தெரிந்த ஒருவரும் போதும்.

இப்படி எழுதுவதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணம், தீர்மானப் பதிவேடு என்பது செலவு, திட்டம், டெண்டர் போன்ற சட்டபூர்வ முடிவுகளுக்கானது, பாராட்டுக்கு அதில் இடமில்லை என்பது. ஆனால் ஊராட்சிகள் மறைந்த தலைவர்களுக்கு இரங்கல் தீர்மானமும் அரசுக்கு நன்றித் தீர்மானமும் அதே பதிவேட்டில்தான் எழுதி வந்திருக்கின்றன. முதலமைச்சருக்கும் அமைச்சருக்கும் நன்றி எழுத இடமுள்ள பதிவேட்டில், சொந்தத் தொட்டி இயக்குபவருக்கு எழுத இடம் இல்லாமல் போகாது.

ஒன்பது மாவட்டங்களுக்கு முன்னால் உள்ள தேதி

28 மாவட்டங்களைப் பொறுத்தவரை அந்த டிசம்பர் முடிந்துவிட்டது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களின் தலைவர்களுக்கோ பதவிக்காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதம். உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1 அவர்களின் காலம் முடிந்த பின்தான் வரும். பணியாளர்களைச் சிறப்பிக்கும் நாளில் அவர்கள் தலைவர்களாக இருக்க மாட்டார்கள். எனவே அவர்கள் தலைமை வகிக்கும் கடைசிக் கிராம சபை அக்டோபர் 2ஆம் தேதி காந்தி பிறந்தநாளில் கூடுவதுதான்.

ஃபெஞ்சல் வெள்ளத்தில் தம்முடன் நின்றவர்களின் பெயர்கள் இந்தத் தலைவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். அக்டோபர் 2 கிராம சபையின் கூட்டப் பொருள்களில் பணியாளர் நன்றியை ஒரு தனிப் பொருளாகச் சேர்க்க ஊராட்சி செயலரிடம் செப்டம்பரிலேயே சொல்லிவிட வேண்டும். வெள்ளம் புகும் தெருக்களின் குறிப்பையும் வால்வு, மோட்டார் விவரத்தையும் அதற்கு முன் தயாரித்துச் சபையில் வாசிக்கச் செய்ய வேண்டும்; வாசிக்கும்போது தொட்டி இயக்குபவர் கூட்டத்தின் ஓரத்தில் நிற்காமல் மேடையருகே நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். செப்டம்பர் மாதச் சம்பளமும், அக்டோபரில் பதவிக்காலம் முடியும் நாள் வரையிலான கைச்செலவுத் தொகைகளும், தலைவரும் துணைத் தலைவரும் கையொப்பமிடக் கூடிய கடைசி வாரத்துக்குள் அவரவர் கணக்கில் சேர்ந்தாக வேண்டும்.